மேல்வீட்டின் நிலம், கீழ்வீட்டின் கூரை

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் வாடகைக்குக் குடியேறி நான்கு மாதங்கள் ஆகின்றன. விடியற்காலை நாலரை மணிக்கு மேல்வீட்டில் எதையோ இடிக்கும் சத்தம் கேட்டு அம்மாவின் நித்திரை குழம்புகிறது. குளியலறைக் கூரையில் ஈரம் படர்ந்து பூச்சு உதிர்கிறது. எதிர்வீட்டில் ஆட்கள் இருப்பது தெரிந்து கதவைத் தட்டினாலும் அவர்கள் திறப்பதில்லை. பொலிசில் முறையிடலாமா, அல்லது கொழும்பென்றால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டு இருந்துவிடுவதா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

நான் கட்டடப் பொறியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் 32 வீடுகள் கொண்ட தொடர்மாடியில் 20 வருடங்களாக வசிக்கிறேன். அதில் 11 வருடங்கள் அதன் முகாமைத்துவக் குழுவின் செயலாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் என்னிடம் வந்த முறைப்பாடுகளில், வேண்டுமென்றே செய்த தொல்லை என்று சொல்லக்கூடியவை மிகச் சில. மற்றவையெல்லாம், தொல்லை கொடுப்பவருக்கு அது தொல்லை என்றே தெரியாததால் நேர்ந்தவை. மேலே நடப்பவருக்குத் தம்முடைய காலடி கீழே எப்படிக் கேட்கிறது என்பதை அறிய வழியே இல்லை. தன் குளியலறையிலிருந்து கசியும் நீரை அவர் ஒருபோதும் காண்பதில்லை, கீழ்வீட்டுக்காரர்தான் காண்கிறார். ஆகவே நெருக்கமான நகரத்தில் அயலாருக்குச் செய்ய வேண்டிய முதற்கடமை, தெரியாததைத் தெரியப்படுத்துவது. பாதிக்கப்படுபவர் சொல்ல வேண்டும். சத்தமோ தூசியோ எழுப்பப் போகிறவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஊரில் இதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை என்று உங்கள் அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான். ஊரில் வீட்டைச் சுற்றி வளவு இருந்தது, வளவைச் சுற்றி வேலி இருந்தது. வேலியால் சண்டை வந்தாலும் அதே வேலிக்கு மேலால்தான் கறிவேப்பிலையும் கதையும் கைமாறின. அயலட்டையில் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் விருந்து என்பது கேட்காமலே தெரிந்தது. இங்கே அந்த வேலி, ஐந்தாறு அங்குலத் தடிப்புள்ள கொங்கிரீட் தட்டாகப் படுத்துக் கிடக்கிறது. அதற்கு மேலால் எட்டிப் பார்க்க முடியாது. கொழும்பு மாநகர சபையின் எல்லை 37 சதுர கிலோமீற்றர் அளவுதான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அதற்குள் ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள், பகலில் வேலைக்கும் படிப்புக்கும் வந்துபோகிறவர்கள் வேறு. வெள்ளவத்தையில் ஓடு வேய்ந்த வீடும் முற்றமும் மாமரமுமாக இருந்த காணிகளில் இன்று எட்டு, பத்து மாடிகள் நிற்கின்றன. ஒரு குடும்பம் கிணறு வைத்து வாழ்ந்த துண்டு நிலத்தில் முப்பது குடும்பங்கள் ஒரே தண்ணீர்த் தாங்கியையும் ஒரே மின்தூக்கியையும் பகிர்ந்துகொள்கின்றன.

முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் முறைப்பாடுகளில் பெரும்பங்கு அதுதான். கட்டடத்துக்குள் சத்தம் இரண்டு விதமாகப் பயணிக்கிறது. பேச்சு, தொலைக்காட்சி, குழந்தையின் அழுகை ஆகியவை காற்றால் வருபவை. கொங்கிரீட் தட்டு அவற்றை நன்றாகவே தடுக்கும், அவை பெரும்பாலும் ஜன்னலாலும் கதவிடுக்காலும்தான் நுழைகின்றன. கதிரையை இழுப்பது, உரலில் இடிப்பது, கதவை அறைவது, தண்ணீர் மோட்டார் அதிர்வது ஆகியவை கட்டடத்தின் உடம்பால் வருபவை. அவற்றைக் கொங்கிரீட் தடுப்பதில்லை. மாறாகத் தூணாலும், தட்டைத் தாங்கும் வளையாலும் மற்ற மாடிகளுக்குக் கொண்டு போகிறது. இதனால்தான் மேல்வீட்டார் என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது, ஆனால் அவர்கள் இஞ்சி தட்டுவது தலைமாட்டில் தட்டுவதுபோலக் கேட்கும். இன்னொன்றும் உண்டு, அதுதான் உங்களுக்கு முக்கியமானது: இப்படி வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது சரியாகக் கண்டுபிடிக்காது.

எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மாடியில் இருந்தவர் வைத்தியசாலையில் இரவு வேலை முடித்து வந்து விடியுமுன் கண்ணயர்பவர். அந்த நேரம் பார்த்து நான்காம் மாடியில் சுரண்டும் சத்தமும் இடிக்கும் சத்தமும் வருகின்றன என்று பல மாதங்களாக முறையிட்டார். நான்காம் மாடியினர் மறுத்தார்கள். இரு வீட்டாரும் மின்தூக்கியில் முகம் கொடுப்பதை நிறுத்தினார்கள். நானும், நான்காம் மாடி ரீச்சர் உண்மையை மறைக்கிறார் என்றே நினைத்துக் கடுமையாக ஒரு கடிதம் அனுப்பினேன். கடைசியில் ஒரு நாள் அதிகாலை நான்கு மணிக்கு மாடிமாடியாக ஏறி இறங்கிக் கதவுகளுக்கு வெளியே நின்று கேட்டேன். நான்காம் மாடி இருளில் உறங்கிக் கிடந்தது. சத்தம் இரண்டாம் மாடியிலிருந்து வந்தது. அங்கே ஓர் அம்மா கடைகளுக்கு இடியப்பமும் சம்பலும் செய்து கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவர் தேங்காய் துருவும் திருவலை, சுவரோடு ஒட்டிக் கட்டிய கொங்கிரீட் மேடையில் இறுக்கப்பட்டிருந்தது, உரலும் அதன்மேல்தான். அந்தச் சுவருக்குள் இருந்த தூண் அவருடைய வேலையை மேல்வீடு முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

தீர்வு மிகச் சிறியது. திருவலையைச் சுவரில் முட்டாத மர மேசைக்கு மாற்றினோம். மேசைக் கால்களுக்குத் தடித்த இறப்பர் துண்டு வைத்தோம். உரலுக்குக் கீழே நான்காக மடித்த சாக்கு. உரலை நிலத்தில் வைப்பவர்கள் அறையின் நடுவில் வைக்காமல், கீழே வளை ஓடும் ஓரமாக வைத்தால் தட்டு அதிர்வது குறையும். இடிக்கும் வேலையை முதல்நாள் மாலையிலேயே முடித்துவைப்பதாக அந்த அம்மா தாமாகவே சொன்னார். நான் நான்காம் மாடி ரீச்சரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அனுப்பிய கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். நேரில் ஒரு சொல் கேட்கும் முன்பே எழுத்தில் குற்றம் சாட்டியது என் பிழை. உங்கள் விடயத்திலும் சத்தம் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாக நம்ப வேண்டாம்.

கதிரைக் கால்களுக்கு இறப்பர் மூடி போடுவது, சலவை இயந்திரத்தை இரவு ஒன்பது மணிக்குப் பின் ஓட விடாமலிருப்பது, கதவைக் கையால் பிடித்துச் சாத்துவது ஆகியவை பணமும் நேரமும் அதிகம் கேட்காத காரியங்கள். நீங்களும் உங்கள் கீழ்வீட்டாருக்காக இவற்றைச் செய்யுங்கள். பிள்ளைகள் விளையாடும் சத்தத்தை மட்டும் நான் தொல்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓடுவதற்கு வளவு இல்லாத பிள்ளைகள் வாகனத் தரிப்பிடத்தில்தான் ஓடுவார்கள். மாலை நான்கு மணி முதல் ஆறரை வரை அது அவர்களுடைய முற்றம் என்று எங்கள் கட்டடத்தில் தீர்மானித்தோம்; அதற்குப் பதிலாக, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் அந்தச் சிறுவர்களே ஒருவரையொருவர் சத்தம் போடாமல் அடக்கினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாநகர சபைப் பகுதிகளில் பகலில் 63 டெசிபெலும் இரவில் 50 டெசிபெலும் எல்லை. அந்த விதிகளில் இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. சாதாரணமாக இருவர் பேசுவதே 60 டெசிபெல் அளவில் இருக்கும் என்பதால், 50 என்பது எவ்வளவு அமைதியானது என்பதை உணரலாம். ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9ஆம் திகதி வழங்கிய கட்டளை முக்கியமானது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கு அது. ஆயினும் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்ற கட்டளை எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவாகவே வழங்கப்பட்டது. கொழும்பில் இது ஒரு சமயத்தவரின் பிரச்சினை இல்லை. பிரித் ஓதலும், கோயில் திருவிழாவும், தேவாலயப் பெருநாளும், நோன்புக்கால இரவுத் தொழுகையும் ஒரே ஒழுங்கையைச் சுற்றி நடக்கும் நகரம் இது. தன் சமயத்து ஒலி தனக்குப் பக்தியாகவும் மற்றவருடையது இரைச்சலாகவும் கேட்பது மனித இயல்பு. அதனால்தான் இந்த வரம்பை நம்மவர்களின் விழாக்களுக்கே முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று நான் வாதிட்டு வந்திருக்கிறேன். ஆனால் திருவலைக்கும் உரலுக்கும் டெசிபெல் மானியோடு போவது எவருக்கும் உதவாது.

அடுத்தது உங்கள் குளியலறைக் கூரை. இதில் நீங்கள் பொறுமை காட்டக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். கடற்காற்று வீசும் பகுதியில் உப்பும் ஈரமும் சேர்ந்து கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கொங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். இன்று பூச்சு உதிர்கிறது, சில வருடங்களில் கொங்கிரீட்டே துண்டாக விழக்கூடும். கசிவு பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறை நிலத்தின் நீர்காப்புப் பூச்சு பழுதடைந்ததாலோ, கழிவுக் குழாய் தட்டை ஊடறுக்கும் இடத்தில் மூட்டு விலகியதாலோ வரும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேல்வீட்டுக் குளியலறையின் வடிகாலை அடைத்து, ஒன்றிரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டு, கீழே கறை பெரிதாகிறதா என்று பார்ப்பது. பெரிதானால் நிலத்தில் பழுது. மாறாமல் இருந்து, தண்ணீரைத் திறந்துவிட்ட பின் கசிந்தால் குழாயில் பழுது. இதை அறியாமல் மேல்வீட்டுத் தரையோட்டை முழுவதும் பெயர்க்கச் சொன்னால் எவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

யார் செலவு செய்வது என்ற கேள்வியில்தான் உறவுகள் முறிகின்றன. தொடர்மாடிகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து முகாமைத்துவக் கூட்டுத்தாபனமாக அமைகிறார்கள். பொதுக் குழாய், கூரை, மின்தூக்கி, படிக்கட்டு ஆகியவை அதன் பொறுப்பு. ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய குழாயும் தரையும் பொதுவாக அந்த உரிமையாளரின் பொறுப்பாகும். வாடகைக்கு இருப்பவர் அதில் உறுப்பினர் இல்லை. ஆகவே நீங்கள் உங்கள் வீட்டு உரிமையாளருக்குப் படங்களுடன் எழுதிக் கொடுங்கள். அவர் முகாமைத்துவக் குழுவுக்குக் கொடுக்கட்டும். உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது: குழாய் திருத்துபவர் உங்கள் கூரையைத் திறந்து பார்க்க வேண்டி வரும், அந்த நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். திருத்த வேலை செய்யும் மேல்வீட்டார், எந்த நாட்களில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை உடைப்பார்கள் என்பதை மின்தூக்கிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால், பாதி முணுமுணுப்பு எழாமலே போய்விடும். அந்த அறிவித்தல் மூன்று மொழிகளிலும் இருப்பது நல்லது. ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டினால், அதை முதலில் அறிய வேண்டிய காவலாளியும் துப்புரவுத் தொழிலாளியுமே வாசிக்க முடியாதவர்களாக இருப்பார்கள்.

வெள்ளவத்தையில் இதைச் சிக்கலாக்குவது பூட்டிக் கிடக்கும் வீடுகள். உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். வருடத்தில் மூன்று வாரம் வந்து தங்குவார். எங்கள் கட்டடத்தில் இப்படியொரு வீட்டில் இரவில் குழாய் வெடித்து, நான்கு மாடிகளுக்குத் தண்ணீர் இறங்கியது. திறப்பு எவரிடமும் இல்லை. அந்த வீட்டுக்குரிய நீர் வால்வு வெளியே குழாய்ப் பெட்டிக்குள் இருந்ததை ஒருவர் அறிந்திருந்ததால் மட்டுமே விடியுமுன் நிறுத்த முடிந்தது. அதன்பின், பூட்டிவிட்டுப் போகும் ஒவ்வொருவரும் வால்வை மூடிவிட்டு, அவசரத்துக்குக் கதவைத் திறக்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பதை விதியாக்கினோம். உங்கள் வீட்டுக்குரிய வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே காவலாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய வீடு நுளம்பையும் வளர்க்கிறது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாட்கள் போதும். அது வெகுதூரம் பறப்பதில்லை, பிறந்த இடத்தின் அயலிலேயே கடிக்கிறது. பாவிக்காத மலசலகூடக் கிண்ணத்தில் தேங்கிய நீரும், கூரைப் பீலியில் அடைபட்ட இலையும், குளிரூட்டியின் நீர் விழும் வாளியும் அதற்குப் போதுமானவை. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான வருடத்தில், எங்கள் ஒழுங்கையில் ஒரு குழந்தையை இழந்தோம். நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம், வழக்கும் தொடரலாம். பரிசோதகர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போகுமுன் கிண்ணத்தை மூடிப் பொலித்தீனால் கட்டிவிட்டுப் போவதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது; 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குப்பையில் நம் குசினிகளிலிருந்து போனதும் இருந்தது. உக்கும் கழிவையும் உக்காத கழிவையும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று மாநகர சபை அதற்குப் பின் கண்டிப்புக் காட்டத் தொடங்கியது. மீன் கழிவை இரவில் படிக்கட்டு மூலையில் வைக்காமல், வண்டி வரும் நாள் காலையில் கொண்டு இறக்குவது, உடைந்த கண்ணாடியைக் கடதாசியில் சுற்றி அடையாளமிடுவது ஆகிய இரண்டும் அதைக் கையால் எடுக்கும் மனிதருக்கு நாம் காட்டும் மரியாதை. அவரும் நம் அயலவர்தான்.

சமையல் மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் புதிதாக வருபவர்கள் இதில் சங்கடப்படுகிறார்கள். கருவாடு பொரிப்பது குற்றமாகாது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் மாட்டிறைச்சி சமைப்பதும் குற்றமாகாது. தன் வீட்டில் தான் உண்பதை அயலவர் தீர்மானிக்க விடக் கூடாது. இதைச் செயலாளராக இருந்தபோது எழுத்திலேயே மறுத்திருக்கிறேன். செய்யக்கூடியது, பொரிக்கும்போது முன்கதவைச் சாத்தி ஜன்னலைத் திறப்பது மட்டும். இதே நியாயம் சாம்பிராணிக்கும் பொருந்தும். பொது நடைகூடத்தில் புகை போட்டால் ஆஸ்துமா உள்ளவர் மூச்சுத் திணறுவார். நடைகூடத்தில் விளக்கேற்றி வைப்பதையும், படிக்கட்டில் செருப்புத் தட்டு வைப்பதையும் நான் முற்றாக எதிர்க்கிறேன். தீப்பிடித்தால் மின்தூக்கியைப் பாவிக்க முடியாது. புகைக்குள் இறங்கி வரும் முதியவருக்கு அந்தப் படிக்கட்டுத்தான் ஒரே வழி.

இனி, திறக்காத கதவு. உங்கள் எதிர்வீட்டார் அகங்காரம் பிடித்தவர்கள் என்று முடிவெடுக்குமுன், இந்த நகரத்தில் கதவு தட்டப்படுவது பல வருடங்களாக என்னவாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரவில் தட்டும் கை பெரும்பாலும் சோதனைக்கு வந்தவர்களுடையது. பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தோம். யார் வந்திருக்கிறார்கள், எத்தனை பேர், எங்கிருந்து என்று கேட்கும் அயலவரையும் சந்தேகத்தோடு பார்க்கப் பழகினோம். 2009க்குப் பின் சோதனை குறைந்தது, பழக்கம் போகவில்லை. அதே நகரத்தில்தான் 1983 ஜூலையில் எங்கள் குடும்பத்தைப் பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவுகள் தங்கள் சாமான் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அந்தத் தாய் எங்கள் பெயர்களை அறிந்திருந்தார், அதற்கு முந்தைய வருடங்களில் மதிலுக்கு மேலால் பலகாரம் வாங்கியவர் அவர். பெயர் தெரியாத அயல் எவ்வளவு ஆபத்தானது என்பதை எனக்கு உணர்த்தியவை அந்த இரண்டு இரவுகள்.

ஆகவே தட்டுவதிலும் ஒரு முறை வேண்டும். பகலில் தட்டுங்கள். தட்டியவுடன் உங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் உரக்கச் சொல்லுங்கள். கதவுக் கண்ணாடிக்கு நேரே, முகம் தெரியும்படி இரண்டடி தள்ளி நில்லுங்கள். திறக்காவிட்டால் ஒரு துண்டுக் கடதாசியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கதவுக்குக் கீழால் விடுங்கள். தனியாக இருக்கும் முதியவர் என்றால் காவலாளி மூலம் சொல்லி அனுப்புவது இன்னும் நல்லது.

அயல் என்பது இங்கே செத்துப்போகவில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சியங்களும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, எங்கள் ஒழுங்கையின் இரு பக்கமும் வெவ்வேறு மின்வெட்டுப் பிரிவுகளில் இருந்தன. எங்கள் பக்கம் இருண்ட நேரத்தில் எதிர்க் கட்டடத்தில் வெளிச்சம் இருந்தது. இன்சுலின் மருந்து ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்தது. எரிவாயு கிடைக்காத வாரங்களில் சிலிண்டர் மீதம் இருந்த வீட்டில் நான்கு வீட்டுச் சோறு ஏறியது. மின்தூக்கி நின்றதால், ஏழாம் மாடிப் பாட்டிக்குத் தண்ணீரும் பாணும் இளைஞர்கள் முறைவைத்துக் கொண்டு ஏறினார்கள். இறப்பு நேரும்போதும் இதைக் காணலாம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்ற வழக்கம் தொடர்மாடியிலும் நிற்கிறது. எங்கள் மாடியில் மரணம் நேர்ந்தால் மற்ற மூன்று வீடுகளும் தேநீரும் சாப்பாடும் பொறுப்பெடுக்கும், தொலைக்காட்சிகள் அடங்கும், பிறந்தநாள் விழா தள்ளிப்போகும். யாரும் சொல்லிச் செய்வதில்லை. ஆனால் இறந்தவரின் பெயர் தெரிந்திருந்தால்தான் இவை நடக்கும்.

ஒன்றில் மட்டும் மௌனம் கூடாது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தமும் அலறலும் கேட்டால், அது அவர்கள் குடும்ப விடயம் என்று ஒதுங்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 1938, சிறுவர்களுக்கானது 1929, உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸ் 119. போய் மணியை அடித்து ஒரு கோப்பை சீனி கேட்டாலே சில வேளை அந்தக் கணம் கடந்துவிடும்.

பேசியும் கேட்காதவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் நேரில், பிறகு முகாமைத்துவக் குழுவுக்கு எழுத்தில், குழு செயலற்றிருந்தால், தொடர்மாடிகளுக்குப் பொறுப்பான அரச அமைப்பாகிய கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு. ஒழுங்கையில் வாயிலை மறித்து வாகனம் நிறுத்துவது, மதில் தகராறு போன்றவற்றுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகத் தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். அதுவே அதன் பலம் என்று நான் கருதுகிறேன். பொலிசுக்கு நேராகப் போனால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு பதிவு கிடைக்கும், அதன்பின் பத்து வருடங்கள் அதே மின்தூக்கியில் அவரோடு ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேல்வீட்டுக்குப் போங்கள். கையில் எதையும் கொண்டு போக வேண்டாம். முதல் நாளே பலகாரமும் முறைப்பாடும் சேர்ந்து போனால் இரண்டும் கசக்கும். பெயரைச் சொல்லுங்கள், வீட்டு எண்ணைச் சொல்லுங்கள். பிறகு, “விடிய நாலரை மணிக்கு ஒரு இடிக்கிற சத்தம் கேட்குது அக்கா, உங்களுக்கும் கேட்குதா?” என்று கேளுங்கள். சத்தம் அவர்களுடையதாக இருந்தால் அவர்களே சொல்வார்கள். இல்லையென்றால் அவர்களும் உங்களோடு சேர்ந்து தேடுவார்கள். குளியலறைக் கறையின் படத்தைத் தொலைபேசியில் காட்டி, ஒரு முறை கீழே வந்து பார்க்க முடியுமா என்று அழையுங்கள். பார்க்க வருபவருக்குத் தேநீர் கொடுங்கள், அப்போது பலகாரமும் வைக்கலாம். அந்தக் கறை குழாய் இறங்கும் இடத்துக்கு நேரே வட்டமாக இருக்கிறதா, சுவரோரமாக நீண்டு போகிறதா என்று பார்த்து எழுதுங்கள். எங்கே உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை ஓரளவு என்னால் சொல்ல முடியும்.